இப்னு பதூதாவும் புத்தளக் கரையின் அனுபவக் கணக்கும்

கையடக்கத் தொலைபேசியில் விளையாடும் சிறுவர்கள், எத்தனையாவது லெவல் என்று ஒருவரையொருவர் வினவிக்கொள்வதை நாம் அன்றாடம் செவிமடுக்கின்றோம். வென்ற எதிரிகளும் கடந்த தடைகளும் புள்ளிகளாகச் சேர்ந்து, ஆடுபவனின் பாத்திரத்தை ஒரு படிநிலையிலிருந்து அடுத்த படிநிலைக்கு உயர்த்துகின்றன. இந்தக் கணக்குமுறை தொலைபேசியோடு பிறந்ததன்று. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டே இதனை உலகெங்கும் பரப்பியது. கணனி விளையாட்டுகள் அதனைப் பின்னர் சுவீகரித்துக்கொண்டன.

அவ்விளையாட்டில் நண்பர்கள் சிலர் மேசையைச் சூழ அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, மதகுரு என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நேரும் இடர்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். முதற்பதிப்பின் விதிகளின்படி, வீரன் இரண்டாம் படிநிலையை எய்துவதற்கு 2,000 அனுபவப் புள்ளிகள் தேவை. மந்திரவாதிக்கோ 2,500 தேவை. பகைவரை வெல்வதாலும் புள்ளிகள் கிடைக்கும்; எனினும் பெரும்பங்கு புதையலிலிருந்தே வந்தது. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி என்பதே அன்றைய பொது விதி. ஒன்பதாம் படிநிலையை அடைந்த வீரனுக்குப் பிரபு என்ற பட்டமும் கோட்டை அமைக்கும் தகுதியும் கிட்டும். விதிகள் பலமுறை மாறியுள்ளன. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டாம் படிநிலைக்கு 300 புள்ளிகளும், இறுதியான இருபதாம் படிநிலைக்கு 355,000 புள்ளிகளும் விதிக்கப்பட்டன.

பழைய பதிப்புகளில் ஆடுபவர்கள் மிகவும் அஞ்சிய விதியொன்றும் இருந்தது. பேயினத்தைச் சேர்ந்த சில எதிரிகள் தீண்டினால், பாத்திரம் அரும்பாடுபட்டு ஈட்டிய படிநிலை பறிபோகும். அதனோடு திறமையும் குறையும். எமது பாட்டிமார் ஆடிய பரமபதத்திலும் ஏணியில் ஏறியவனைப் பாம்பு கீழே இறக்கிவிடும். ஆயின், வாழ்க்கையில் படிநிலை பறிபோகும்போது அனுபவமும் கூடவே பறிபோகின்றதா? தில்லையடியில் வாழும் மக்களுக்கு இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. இதற்கு விடை தேடுவதற்கு, ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர் இதே புத்தளக் கரையில் வந்திறங்கிய ஒரு மனிதரின் வாழ்வை நாம் மீட்டுப் பார்ப்பது பொருத்தமாகும்.

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மொரோக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்தார். அவரது குடும்பம் மார்க்கச் சட்டத்தில் தேர்ந்த காதிமாரைத் தந்த குடும்பம். 1325ஆம் ஆண்டு, இருபத்தோராவது வயதில், பெற்றோரைப் பிரிந்து ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டார். வழித்துணை எவரும் இருக்கவில்லை. தூனிஸ் நகரை அடைந்தபோது உடன்வந்தவர்களை வரவேற்க உற்றார் வந்திருந்தனர். இவரை வரவேற்க ஒருவரும் இல்லை. அந்தத் தனிமை தாளாது அவர் அழுதார் என்பதை அவரது பயணநூலே தெரிவிக்கின்றது. பின்னாளில் உலகம் போற்றிய பயணியின் முதற்படி இத்தகையதாகவே இருந்தது.

அதே தூனிஸிலிருந்து புறப்பட்ட ஹஜ் பயணக் கூட்டத்துக்கு அவர் காதியாக நியமிக்கப்பட்டார். சில மாதங்களுக்கு முன்னர் வழியோரம் காய்ச்சலில் வாடிய இளைஞர், இப்பொழுது பிறரின் வழக்குகளைத் தீர்ப்பவரானார். 1326ஆம் ஆண்டு மக்காவில் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். வந்த கடமை முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. ஈராக், பாரசீகம், யெமன், கிழக்கு ஆபிரிக்காவின் மொகடிசு, கில்வா, பின்னர் அனத்தோலியா, கொன்ஸ்தாந்திநோபிள், மத்திய ஆசியா என அவரது பாதை நீண்டது. 1333ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அவர் சிந்து நதியை அடைந்தார்.

டில்லியில் அப்போது முஹம்மத் பின் துக்ளக் ஆட்சி செய்தார். வெளிநாட்டு அறிஞர்களுக்குப் பெரும் பதவிகளை வாரி வழங்குவது அவரது வழக்கம். இப்னு பதூதா டில்லியின் காதியாக ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளத்தில் நியமிக்கப்பட்டார். அவர் கற்றதோ மாலிக்கி சட்டம். டில்லியில் நிலவியதோ ஹனபி சட்டம். அம்மொழியும் அவருக்குப் போதிய அளவு தெரியாது. எனவே உதவியாளர் இருவர் அவருக்கு அமர்த்தப்பட்டனர். படிநிலையும் அனுபவமும் ஒன்றல்ல என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவர் கற்ற சட்டத்தைக் காட்டிலும் அவர் அயல்நாட்டார் என்பதே டில்லி அரசவையின் அட்டவணையில் கூடிய புள்ளிகளைப் பெற்றிருந்தது.

ஏற்றம் போலவே இறக்கமும் விரைந்து வந்தது. பரிசில்களால் அவரது செலவு பெருகி, கடன் 55,000 தீனாரைத் தொட்டது. அதனைச் சுல்தானே தீர்த்துவைத்தார். பின்னர், சுல்தானின் சினத்துக்கு ஆளாகி உயிரிழந்த ஒரு பெரியாரைச் சந்தித்தமையால் இப்னு பதூதாவும் காவலில் வைக்கப்பட்டார். விடுதலை பெற்றதும் தம்மிடமிருந்த பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுத் துறவியரின் ஆடையைப் பூண்டு, சில மாதங்கள் ஒரு ஞானியின் அருகில் வாழ்ந்தார். சுல்தான் மீண்டும் அழைத்துச் சீனப் பேரரசருக்கான தூதராக நியமித்தபோது, அவர் முன்னிருந்த நிலையினும் உயர்ந்த நிலைக்குச் சென்றார்.

அந்தத் தூதுப் பயணமே அவரது வாழ்வின் மிகப்பெரிய வீழ்ச்சியாக முடிந்தது. டில்லியைக் கடந்து சில நாட்களில், இன்றைய அலிகார் அருகே, கொள்ளையர் கையில் சிக்கி உடுத்த உடை தவிர யாவற்றையும் இழந்தார். நடக்கவியலாது சோர்ந்த அவரை வழிப்போக்கர் ஒருவர் தோளில் சுமந்து காப்பாற்றினார். கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பலில் பரிசுப்பொருட்கள் ஏற்றப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்த வேளையில் புயல் எழுந்தது. பரிசுப்பொருட்கள் இருந்த கப்பல் உடைந்து, அதிலிருந்தோர் மாண்டனர். அவரது உடைமைகளை ஏற்றிய மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டே பாய்விரித்துச் சென்றது. பேரரசர் ஒருவரின் தூதர், பத்துத் தீனாரும் ஒரு தரைவிரிப்புமாகக் கடற்கரையில் நின்றார். பரிசில்களைப் பறிகொடுத்தவராக டில்லிக்குத் திரும்ப அவருக்கு அச்சம் இருந்தது.

மாலைதீவு அவருக்கு மீண்டும் ஒரு படியை அளித்தது. கற்றறிந்த காதி ஒருவர் அத்தீவுகளுக்குத் தேவைப்பட்டமையால் தலைமைக் காதியாக அமர்த்தப்பட்டார். ஆட்சியாளர் குடும்பத்தில் மணமும் முடித்தார். இக்காலத்தில் அவரது குறைகளும் வெளிப்பட்டன. பிறநாட்டு வழக்கங்களை அங்குள்ளோர் மீது கடுமையாகத் திணிக்க முயன்றார். அவற்றுள் சில தோல்வியடைந்ததை அவரே ஒப்புக்கொண்டுள்ளார். அமைச்சருடன் பகை மூண்டதும் பதவியைத் துறந்து வெளியேறினார். நாடுகள் பல கண்டிருந்தும், சென்ற இடத்தின் மக்களைப் பொறுமையோடு புரிந்துகொள்ளும் பண்பு அவருக்கு அங்கே கைகூடவில்லை. அனுபவம் சேர்வதாலேயே மனிதர் பக்குவப்பட்டுவிடுவதில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1344ஆம் ஆண்டு, மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிச் சென்ற அவரது கப்பலைக் காற்று திசைதிருப்பி இலங்கைக் கரைக்குக் கொணர்ந்தது. அவர் பத்தாலா என்று குறிப்பிடும் புத்தளத்தில் அவர் இறங்கினார். அப்பொழுது அவரிடம் பதவி எதுவும் இல்லை. டில்லியின் காதி அல்லர், மாலைதீவின் காதியும் அல்லர், பரிசிலற்ற தூதர். விளையாட்டின் கணக்கில் சொல்வதாயின், படிநிலைகள் யாவும் பறிபோன பாத்திரம். எனினும் இருபது ஆண்டுக்காலம் அரசவைகளிலும் பள்ளிவாசல்களிலும் வணிகர் கூட்டங்களிலும் அவர் பெற்ற அறிவு அவருடனேயே கரையேறியது.

புத்தளத்தை மரவேலியும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு பட்டினமாக அவர் வருணித்துள்ளார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததையும், சோழமண்டலத்தாரும் மலபாரினரும் அரசருக்குத் துணி முதலியவற்றை அளித்துவிட்டு அவற்றை எடுத்துச் சென்றதையும் பதிவு செய்துள்ளார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. தமிழ் அரசரும் மொரோக்கோ முஸ்லிமும் பாரசீக மொழியில் உரையாடினர். அரசர் அம்மொழியை அறிந்திருந்தார். தாம் கண்ட நாடுகளையும் அரசர்களையும் பற்றி இப்னு பதூதா கூறியதை அவர் விரும்பிக் கேட்டார். முத்துக்குளிப்பில் பெறப்பட்ட முத்துகளை விருந்தினருக்குக் காட்டி, சிலவற்றைப் பரிசாகவும் வழங்கினார். பட்டங்களை இழந்து வந்தவரின் அனுபவத்துக்கு இக்கரையில் மதிப்பளிக்கப்பட்டது.

அரசரிடம் அவர் பொருளோ பதவியோ வேண்டவில்லை. முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், சைவர்கள் சிவனொளிபாதமலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் போற்றும் மலையைத் தரிசிக்க வழிகேட்டார். அரசர் பல்லக்கையும், யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், உணவு சுமக்கும் ஆட்களையும் உடன் அனுப்பினார். சிலாபம் வழியாகச் சென்று, இரும்புச் சங்கிலிகளைப் பற்றி மலையேறிய அவர், தெய்வேந்திரமுனை, காலி, கொழும்பு ஆகியவற்றைச் சுற்றிப் புத்தளத்துக்குத் திரும்பினார். இங்குள்ளோர் முஸ்லிம் பயணிகளைத் தம் இல்லங்களில் ஏற்று உபசரித்ததை அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

இலங்கை அரசர் தந்த மணிகள் அவரிடம் நிலைக்கவில்லை. சோழமண்டலக் கரையை நெருங்கியபோது அவரது கப்பல் உடைந்தது. உயிர் தப்பி மதுரைச் சுல்தானிடம் சென்றார். பின்னர் மேற்குக் கடலில் கடற்கொள்ளையர் சூழ்ந்து முத்து, மாணிக்கம், உடை, குறிப்புகள் யாவற்றையும் பறித்துக்கொண்டு, அவரைக் காற்சட்டையுடன் கரையில் விட்டனர். கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலில் ஒதுங்கிய அவருக்கு மார்க்க அறிஞர் ஒருவர் உடையும், காதி தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மேலும் ஓர் உடையும் அனுப்பிவைத்தனர். ஒரு பொற்காசு ஒரு புள்ளி என்ற விதிப்படி பார்த்தால் அன்று அவரது கணக்கு வெறுமையே. ஆயினும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை. வங்கம், சுமாத்திரா, சீனா என்று சென்றார்.

1348ஆம் ஆண்டு டமஸ்கஸை அடைந்தபோது தந்தையார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே காலமான செய்தி கிடைத்தது. மறுவருடம் மொரோக்கோவுக்குத் திரும்பும் வழியில், கொள்ளைநோய்க்குத் தாயார் பலியான செய்தியையும் அறிந்தார். படிநிலைகளை எண்ணுகின்ற எந்த அட்டவணையிலும் இந்த இழப்புக்கு இடமில்லை. அதன் பின்னரும் ஸ்பெயினின் கிரனடாவுக்கும், சஹாராவைக் கடந்து மாலி அரசுக்கும் சென்று, 1354ஆம் ஆண்டு பெஸ் நகருக்கு மீண்டார்.

அவர் வெறுங்கையுடன் திரும்பிய அந்த வேளையில் மொரோக்கோச் சுல்தான் அபூ இனான் எடுத்த முடிவு வரலாற்றுக்குப் பெரும் உதவியாயிற்று. இப்னு பதூதா தம் அனுபவங்களைக் கூற வேண்டும். அறிஞர் இப்னு ஜுஸை அவற்றை எழுத வேண்டும் என்று அவர் பணித்தார். 1355 டிசெம்பரில் அந்நூல் நிறைவு பெற்றது. குறிப்புகளைக் கடலில் இழந்தவர் பெரும்பாலும் நினைவிலிருந்தே கூறினார். அதனால் காலவரிசையில் குழப்பங்கள் நேர்ந்தன. சில நகர வருணனைகள் இப்னு ஜுபைரின் முந்திய நூலிலிருந்து எடுத்தாளப்பட்டுள்ளன. சில இடங்களுக்கு அவர் உண்மையில் சென்றாரா என்ற ஐயமும் ஆய்வாளரிடையே உண்டு. இத்தனைக்குப் பின்னரும், பதினான்காம் நூற்றாண்டின் புத்தளத்தை நேரில் கண்டவரின் சொல்லாக அப்பக்கங்கள் எமக்குக் கிடைத்துள்ளன. அவை எழுதப்படாதிருந்தால் மரவேலி சூழ்ந்த அப்பட்டினத்தை நாம் அறிந்திருக்கமாட்டோம்.

பெஸ் நகரில் பலர் அவர் கூறியவற்றை நம்பவில்லை. வரலாற்றறிஞர் இப்னு கல்தூனும் ஆரம்பத்தில் ஐயுற்றார். காணாத காரணத்தால் ஒன்றைப் பொய்யென்று தள்ளலாகாது என அமைச்சர் ஒருவர் அவருக்கு அறிவுறுத்தினார். சிறையில் வளர்ந்து, எலியைத் தவிர வேறு விலங்கைக் கண்டிராத சிறுவன், ஆட்டைப் பற்றிக் கேள்வியுற்றபோது அதனையும் எலியைப் போன்றதாகவே எண்ணிய கதையை அவ்வமைச்சர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். இப்னு பதூதா தம் இறுதிக் காலத்தை மொரோக்கோவின் ஒரு நகரில் காதியாகக் கழித்து, 1368ஆம் ஆண்டளவில் காலமானார்.

இனித் தில்லையடிக்கு வருவோம். புத்தளம் நகரை அண்டி, களப்போரமாக அமைந்த இவ்வூர், 1990 ஒக்டோபர் மாதத்தின் பின்னர் பெரும் மாற்றத்தைக் கண்டது. அம்மாதம் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. நகையும் பணமும் உடைமையும் பறிக்கப்பட்டு வந்தோரில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். தில்லையடி அவர்களைத் தாங்கிய ஊர்களுள் ஒன்றாயிற்று. வடக்கில் வணிகராக, ஆசிரியராக, தையற்காரராக, விவசாயியாக, மீனவராகப் பெயர் பெற்றிருந்தோர் இங்கே அகதி என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். புதிய இடத்தின் அட்டவணையில் அவர்களது பழைய புள்ளிகளுக்கு வரிசை இருக்கவில்லை. ஓலைக் கொட்டில்களிலிருந்து அவர்கள் முதற்படியை மீண்டும் தொடங்கினர். இருந்த நிலத்தையும் நீரையும் பாடசாலையையும் வேலைவாய்ப்பையும் பகிர்ந்துகொண்ட புத்தளத்து மக்களின் அனுபவமும் இலகுவானதன்று. போரினால் பலமுறை இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வலி அந்நியமானதன்று.

படிநிலையை ஒரு சமூகமோ அரசோ வழங்குகின்றது. வழங்கியவர்களாலேயே அது பறிக்கப்படவும் கூடும். அனுபவத்தை எவராலும் அவ்வாறு பறிக்க இயலாது. ஆனால் கேட்பாரும் எழுதுவாரும் இல்லாவிடின், அது உரியவரோடு மண்ணுக்குள் சென்றுவிடும். 1990இல் முப்பது வயதில் பிள்ளைகளைச் சுமந்து வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அன்று நாற்பதைத் தாண்டியிருந்தோரில் பலர் இப்போது இல்லை. புத்தளத்தைக் கண்டு பதினொரு ஆண்டுகளில் அனுபவத்தைக் கூறிய இப்னு பதூதாவுக்கே நாட்களும் வழிகளும் குழம்பின என்றால், மூன்று தசாப்தங்களைக் கடந்த நினைவுகளை இன்னும் எவ்வளவு காலம் காத்திருக்கச் செய்வது?

தில்லையடியிலும் ஏனைய குடியேற்றங்களிலும் உள்ள பாடசாலைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், வாசிகசாலைகள் இப்பணியில் முன்வர வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதினாலே பெரியதோர் ஆவணம் உருவாகும். இழந்த வீட்டைப் பற்றி மட்டுமன்றி, கற்ற தொழிலைப் பற்றியும், அயலவராயிருந்த தமிழரைப் பற்றியும், கைகொடுத்த புத்தளத்தாரைப் பற்றியும் அவர்கள் கேட்கட்டும். பல்கலைக்கழகங்கள் அதற்கு வழிகாட்டலாம். தமிழ் வாசகர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தாம் காணாத துயரை மிகையென்று தள்ளிவிடாமல், பெஸ் நகரத்து அமைச்சர் கூறிய அறிவுரையை மனங்கொண்டு அவர்கள் செவிசாய்க்க வேண்டும்.

மொரோக்கோவிலிருந்து வந்த அந்நியர் ஒருவரின் கதையைத் தமிழ் அரசர் ஒருவர் இதே கரையில் அமர்ந்து ஆவலோடு கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் இக்கரைக்கு வந்தவர்களின் கதையை அவர்களது சொந்தப் பேரப்பிள்ளைகளும் சக தமிழரும் கேட்பது அதனிலும் எளிது. விளையாட்டில் அடுத்த லெவலை எட்டத் துடிக்கும் சிறுவர்கள், தொலைபேசியைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டுத் தம் பாட்டனாரின் அருகில் ஒரு கொப்பியுடன் அமர்வார்களாக.